முசரவாக்கத்தில் கேபினெட் விரிவாக்கம்

உலக வரலாற்றில் மகத்தான தேர்வுகள் என்று எடுத்துக்கொண்டால், நிலவுக்கு அனுப்ப ஆள் தேர்ந்தெடுத்தது ஒன்று. முசரவாக்கம் விடிவெள்ளி இளைஞர் நற்பணி மன்றம் ஒரு கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் தேர்ந்தெடுத்தது மற்றொன்று. முதலாவதில் சில குறைகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டாவதில் நான் செயலாளராக இருந்தேன். ஆகவே குறை எதுவும் நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை.

எங்கள் தலைவர் அர்ஜுனன் மனை வியாபாரம் செய்கிறார். இளைஞர். அவர் ஐம்பதைத் தாண்டியபோது மன்றத்தின் சட்டதிட்டத்தில் ‘இளைஞர்’ என்ற சொல்லுக்கு உரிய விளக்கத்தைத் திருத்தி, அவர் தொடர்ந்து இளைஞராக இருக்க வழிசெய்தோம். பொருளாளர் கைலாசம் பேருந்து நிறுத்தத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். ஊரில் எல்லோரும் தங்கள் போனிலேயே ரீசார்ஜ் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு அவருக்குப் பொதுச்சேவைக்கு நிறைய நேரம் கிடைத்தது. தொழில்நுட்ப ஆலோசகர் வசந்த், தலைவரின் மகன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைகளைப் ‘பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்’. எந்த வேலையும் இதுவரை அவருடைய தரத்துக்கு வந்து சேரவில்லை.

எல்லாம் ஒரு காசோலையில்தான் தொடங்கியது. எஸ்தர் என்று ஒரு பெண். திருப்பெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறவள். பள்ளிக்கூட நாளில் நன்றாகக் கபடி ஆடியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை ஓரம் காலனிப் பெண்களைச் சேர்த்து ஆட்டம் சொல்லிக்கொடுப்பாள். அந்த அணி வட்டார அளவில் கோப்பை வாங்கிவிட்டது. பரிசு கொடுக்க வந்த தொழிற்சாலை அதிகாரி ஒருவர், கோப்பை வாங்க நீட்டிய கைகளில் முழங்கைவரை இருந்த சிராய்ப்புகளைக் கவனித்து விசாரித்திருக்கிறார். சரளைத் தரையில் விழுந்து எழுந்த காயங்கள். அடுத்த வாரமே ‘கிராமத்தின் விளையாட்டு வளர்ச்சிக்காக’ என்று காசோலை அனுப்பிவிட்டார். அணிக்கு வங்கிக் கணக்கு கிடையாது. மன்றத்துக்கு இருந்தது. மன்றம் எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று பதில் கிடைத்தது.

உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம். எங்கள் மன்றத்தில் பேதம் எதுவும் கிடையாது; யார் வேண்டுமானாலும் வாசல்படிவரை வரலாம். எஸ்தரும் அணித்தலைவி ஜோதிகாவும் வாசல்படி அருகே வந்து நின்றார்கள். ஜோதிகா பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். மாவட்டப் போட்டியில் நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவளும் அதை நம்பியிருந்தாள்.

“அண்ணா, மாவட்ட மேட்ச் எல்லாம் இப்ப மேட்டுலதான் நடக்குது” என்றாள் எஸ்தர். “இவளுங்க மண்ணுலயே ஆடிக்கினு இருந்தா அங்க போயி காலு நிக்காது.”

தலைவர் யோசித்தார். “மேட்டுலன்னா எப்பிடிம்மா. நம்ம ஊர்ல மேடு ஏது, எல்லாம் பள்ளம்தானே.”

“மேடு இல்லண்ணா, மேட்டு. ரப்பர் மாதிரி இருக்கும், தரையில விரிக்கிறது.”

“அப்போ பாயின்னு சொல்லு. கபடின்றது வீர விளையாட்டும்மா. பாய் விரிச்சா தூக்கம்தான் வரும்.”

“அதுல விழுந்தா தோலு உரியாது தலைவரே” என்றாள் ஜோதிகா. “அதுக்குன்னு ஒரு ஷூ இருக்குது. அது போட்டாதான் வழுக்காது.”

இந்த இடத்தில்தான் தொழில்நுட்ப ஆலோசகர் தொண்டையைச் செருமினார். “நைனா, இன்னும் எத்தினி நாளைக்கு இந்த மண்ணு, பாயி, ஷூவு. உலகமே இ-ஸ்போர்ட்ஸுக்கு மாறிடுச்சி.”

“ஈ-ஸ்போர்ட்ஸா?” என்றார் கைலாசம். “நான் கடையில தெனம் அதத்தானேபா ஆடிக்கினு இருக்கேன்.”

வசந்த் பொறுமையாக விளக்கினார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆடுவதும் விளையாட்டுதான். அதற்கு உலகக் கோப்பை உண்டு. வியர்க்காது. அடிபடாது. மழை பெய்தால் நிற்காது. ஒரு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் மட்டும் இருந்தால், முசரவாக்கத்திலிருந்து ஓர் உலகச் சாம்பியன் உருவாவதை யாராலும் தடுக்க முடியாது. அந்தச் சாம்பியன் யார் என்பதை அவர் தன் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை. அவ்வளவு அடக்கம்.

கிராமத்தின் விளையாட்டு வளர்ச்சிக்குக் கம்ப்யூட்டர் ஒன்றே வழி என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வாசல்படிக்கு வாக்குரிமை கிடையாது.

“அப்போ எங்களுக்கு?” என்று கேட்டாள் எஸ்தர்.

“உங்களுக்கும் சேர்த்துத்தாம்மா. மன்றத்துச் சொத்து எல்லாருக்கும் பொது. ஜன்னலாண்ட நின்னு தாராளமா பாக்கலாம்” என்றார் தலைவர்.

மறுநாளே வேலை தொடங்கியது. கடையில் ரெடிமேடாக விற்கிற கம்ப்யூட்டரை வாங்கிவிடலாமே என்று நான் அறியாமையில் கேட்டுவிட்டேன். வசந்த் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, தன் கையால் பூட்டுகிறவன்தான் கேமர். மற்றவன் எல்லாம் வெறும் வாடிக்கையாளர் என்றார். அந்த நிமிடத்திலிருந்து மன்றத்தில் கேரம் போர்டு மூடப்பட்டது. எல்லோரும் யூடியூபில் கம்ப்யூட்டர் பாகங்களை விமர்சனம் செய்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்தோம். எந்த வீடியோவின் முடிவிலும், அடுத்த மாதம் இதைவிடச் சிறந்தது ஒன்று வருகிறது என்று சொன்னார்கள். ஆகவே ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்துக்காகக் காத்திருந்தோம். அந்த மாதங்களில் எஸ்தரின் பெண்கள் ஏரிக்கரையில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை என்பதைத்தான் சொல்லவருகிறேன்.

பாகங்களைத் தேர்ந்தெடுக்கத் துணைக்குழுக்கள் அமைத்தோம். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர், கைலாசம் வசம் ஒப்படைக்கப்பட்டது. அந்த மூளை வந்து உட்காருகிற பலகைக்கு மதர்போர்டு என்று பெயர். தாய் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தலைவர் யாரையும் நம்ப மாட்டார். அதை அவரே எடுத்துக்கொண்டார். திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு வசந்துக்கு. அது மட்டும்தான் கம்ப்யூட்டர், மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டுகிற சுவர் என்பது அவருடைய கொள்கை.

“பிராசசர் சோப்ளாங்கியா இருந்தா கார்டோட வேகம் அடைச்சிக்கும், பாட்டில்நெக் வந்துடும், பாத்துக்கோங்க” என்று கைலாசத்தை எச்சரித்தார்.

“பாட்டில் வந்தா நல்லதுதானேபா” என்றார் கைலாசம். “கழுத்தோட ஏன் நிறுத்துறாங்க.”

அந்தச் சமயத்தில் தலைவரும் பொருளாளரும் பேச்சுவார்த்தையில் இல்லை. ஆடித் திருவிழா பேனரில் கைலாசத்தின் படம், கூழ் ஊற்றுகிற அண்டாவின் படத்தைவிடச் சிறியதாக அச்சாகியிருந்தது. ஆகவே இரு துணைக்குழுக்களும் தத்தம் ஆய்வு முடிவுகளை ராணுவ ரகசியமாகக் காத்தன. கூட்டாட்சித் தத்துவம் எங்கள் ஊரில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

பிறகு கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற சென்னை ரிச்சி தெருவுக்கு ஆய்வுப் பயணம் போனோம். காலையில் காஞ்சிபுரத்தில் ரயில் ஏறி, மதியம் பிரியாணியை ஆய்வு செய்து, மாலையில் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் மரியாதையான மனிதர்.

“எந்த கேம் ஆடப்போறீங்க சார்? அதுக்கேத்த மாதிரி குடுக்கறேன்” என்றார்.

“அதுக்கு இன்னும் கமிட்டி போடல” என்றார் தலைவர்.

கேபினெட் என்கிற வெளிப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் நீண்ட நேரம் பிடித்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே விளக்குகள். எந்த நிற விளக்கு என்பதில் சிக்கல் எழுந்தது. எந்த ஒரு நிறமும் ஏதாவது ஒரு கட்சிக்குச் சொந்தமாக இருந்தது. கடைசியில் கடைக்காரர், சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று தானாகவே மாறிக்கொண்டிருக்கிற ஒன்றைக் காட்டினார். தலைவரின் முகம் மலர்ந்தது. அவர் பொதுவாழ்வில் கடந்துவந்த எல்லாக் கட்சிகளும் அந்தக் கண்ணாடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. “இத்தயே கட்டுபா” என்றார்.

ஊர் திரும்பி, பாகங்களைப் பூட்டும் பணி தொடங்கியது. முதலில் கிராபிக்ஸ் கார்டு கேபினெட்டுக்குள் நுழையவில்லை. கார்டின் நீளம் ஒரு முருங்கைக்காய்க்குச் சற்றுக் குறைவு. பெட்டியின் அகலம் அதற்கும் குறைவு. வசந்த் இதற்காகக் கார்டைச் சிறுமைப்படுத்த மறுத்துவிட்டார். எனவே கேபினெட்டைப் பெரிதாக்குவதென்று முடிவாயிற்று. ஆட்சிக்கு வந்த ஒரே மாதத்தில் கேபினெட் விரிவாக்கம் செய்யாத அமைப்பு எது?

அடுத்து, கைலாசத்தின் பிராசசர் தலைவரின் மதர்போர்டில் உட்காரவில்லை. இரண்டும் உயர்ந்த சாதனங்கள்தாம். ஆனால் அது ஒரு கம்பெனி, இது வேறொரு கம்பெனிக்காகச் செய்தது; ஒன்றின் குழியில் மற்றது பொருந்தாது. வசந்த் கார்டைத் துடைத்துக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. கைலாசம் கவனித்தார். ஆனால் அவர் தோல்வியை ஏற்கிற மனிதர் அல்ல. உள்ளங்கையை அதன்மேல் வைத்து, உடம்பின் முழு எடையையும் கொடுத்து அழுத்தினார். ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“உக்காந்துடுச்சி” என்றார்.

பிராசசரின் ஊசி ஊசியான கால்கள் எல்லாம் மடங்கியிருந்தன. பலகையின் குழியும் உடைந்திருந்தது. கடைக்காரர் அதற்குப் பிறகும் மரியாதையாகத்தான் பேசினார். திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் மறுத்தார். ஆகவே இரண்டையும் மறுபடி வாங்கினோம்.

இந்த நேரம் பார்த்து எஸ்தர் மீண்டும் வந்தாள். மாவட்டப் போட்டிக்குத் தேதி வந்துவிட்டது. மேட் இல்லாவிட்டாலும் பெண்களுக்கு ஷூ மட்டுமாவது கிடைக்குமா என்று கேட்டாள். தலைவர் அன்போடு விளக்கினார். இப்போது ஷூவுக்கு எல்லாம் மவுசு இல்லை, மவுசுக்குத்தான் மவுசு. அந்த மவுஸையும் அப்போதுதான் வாங்கியிருந்தோம். அதை மேசைமேல் ஓட்டிப் பார்த்துவிட்டு வசந்த் முகம் சுளித்தார்.

“வெறும் பலகைல வழுக்குது நைனா. கிரிப்பே இல்ல. அடியில ஒரு மேட் போட்டாதான் ஆட முடியும்.”

எஸ்தர் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மவுஸ் வழுக்குவதை மன்றம் ஒருபோதும் அனுமதிக்காது. மேசை முழுவதும் விரிகிற மாதிரி, ஓரம் தைத்த, அருமையான மேட் ஒன்று வாங்கினோம். காசோலை அதோடு தீர்ந்தது.

ஆனால் மகளிர் முன்னேற்றத்தை மறந்துவிட்டோம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குழி உடைந்த அந்த முதல் மதர்போர்டை, கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, போட்டிக்கு முந்தின நாள் ஜோதிகாவுக்கு நினைவுப் பரிசாக வழங்கினோம். “தாய்மைக்கு ஈடான பரிசும்மா இது” என்றார் தலைவர். ஜோதிகா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நன்றி சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை.

கம்ப்யூட்டர் திறப்பு விழாவும் மாவட்டப் போட்டியும் ஒரே நாளில் அமைந்துவிட்டன. தலைவர் விழாவுக்குத் தலைமை தாங்கியதால், போட்டிக்கு மன்றத்தின் பேனரைப் பிடித்துக்கொண்டு போகும் பொறுப்பு எனக்கு வந்தது. காஞ்சிபுரத்தில் மைதானத்து ஓரமாகப் பேனரைக் கட்டினேன். தலைவரின் படம் நன்றாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே, சற்றே வெயிலில், பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நீல நிற மேட் விரித்திருந்தார்கள். எதிரணிப் பெண்கள் ஷூ போட்டு அதன்மேல் துள்ளிப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பெண்கள் வெறுங்காலை வைத்துப் பார்த்து, எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார்கள். கோயிலில் புதிதாகப் போட்ட சலவைக்கல்லில் நடக்கிறவர்களைப் போல இருந்தது. ஆனாலும் ஆட்டத்தில் முதல் பாதிவரை சமமாகவே இருந்தார்கள். ஜோதிகா ஏறிப் போனால் ஒருத்தியையாவது தொட்டுவிட்டு வந்தாள். இரண்டாம் பாதியில் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டிய இடத்தில், வியர்த்த கால் மேட்டில் நிற்காமல் தனியே போயிற்று. உடம்பு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை.

தோற்றார்கள். எஸ்தர் ஈரத் துண்டை அவள் முழங்காலில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மன்றத்தின் சார்பில் ஆறுதல் சொல்லப் போனேன்.

“சீட்டு போச்சாண்ணா?” என்று ஜோதிகா கேட்டாள்.

அடுத்த வருஷமும் போட்டி உண்டு என்று சொன்னேன்.

“அடுத்த வருஷம் நான் ஸ்கூல்ல இருக்க மாட்டனே.” ஈரத் துண்டின் முனையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “நீங்க குடுத்த போர்டு எங்க வூட்டு ஜன்னல்ல வெச்சிருக்குதுண்ணா. கண்ணாடி ஒடைஞ்ச எடத்துக்கு சரியா இருக்குது. இப்பல்லாம் பூனை வர்றதில்ல. தலைவராண்ட சொல்லிடுங்க.”

பயன்பாட்டைக் குறித்த இந்தக் கருத்தை நான் தலைவரிடம் தெரிவிக்கத் தவறவில்லை.

அப்போது ஒருவர் அருகில் வந்தார். பெயர் ஜோசுவா; தென்னேரிக்காரர். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். அவர்கள் ஊர்க் கபடிக் குழுவையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்று பேச்சில் தெரிந்தது.

“இந்தப் பொண்ணு வெறுங்கால்ல இந்த ஆட்டம் ஆடுதுன்னா, ஷூ போட்டா இன்னா ஆடும்” என்று எஸ்தரிடம் சொன்னார். “எங்க ஊர்ல மேட்டு ஒண்ணு இருக்குது. பழசுதான். பசங்க எல்லாம் வாலிபால் பக்கம் போயிட்டானுங்க, சுருட்டி வெச்சிருக்கோம். ஞாயித்துக்கெழம வேன் சும்மாதான் நிக்கும். நானே வந்து கூட்டிம்போறேன். முட்டிக்கு மொதல்ல டாக்டர பாருங்க. ஷூவுக்கு நாலு பேராண்ட கேட்டு ஏற்பாடு பண்றேன். ஆனா ஒண்ணு, ஆடுனா எங்க ஊர் பேர்ல ஆடணும்மா.”

எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். மன்றத்தின் சார்பில் நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. நான் பேனரைப் பார்த்தேன். காற்றில் ஒரு முனை அவிழ்ந்திருந்தது. அதைக் கட்டப் போய்விட்டேன்.

“வரோம்ணா” என்று எஸ்தர் சொன்னது என் காதில் விழுந்தது.

ஊர் திரும்பியபோது விழா இனிதே முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் எல்லா நிறத்திலும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான் தோல்விச் செய்தியைச் சொன்னதும் தலைவர், “அதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன், காலால ஆடற ஆட்டத்துக்கு எதிர்காலம் இல்லன்னு” என்றார். தென்னேரி விவகாரத்தைச் சொன்னதும் முகம் சிவந்தது. ‘ஊர்த் துரோகத்தை’ வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் எழுதச் சொன்னார். எழுதினேன். நல்ல தமிழில் வந்தது.

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஊருக்கு ஆற்றிய சேவைகளைச் சொல்லி மாளாது. வசந்த் நாள்தோறும் காலை முதல் மாலைவரை அதன் முன்னால் உட்கார்ந்து, பல அந்நிய நாட்டு ராணுவங்களை அழித்து, முசரவாக்கத்தின் எல்லையைக் காத்தார். கைலாசம் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் உட்கார்ந்து, “வலது பக்கம் ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்பா” என்று ஆலோசனை வழங்கினார். மன்றத்தில் மனிதர்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஃபேன். கம்ப்யூட்டருக்குள் அரை டஜன். மின்னழுத்தம் குறைந்தால் மனிதர்களின் ஃபேனை நிறுத்தி அதன் ஃபேன்களைக் காத்தோம். உலகச் சாம்பியன் பட்டம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. கார்டு போதவில்லை என்று வசந்த் கருதுகிறார்.

ஜோதிகாவின் முழங்காலைப் பற்றி அவ்வப்போது செய்தி வந்தது. கட்டுப் போட்டிருக்கிறாள், நடக்கிறாள், எஸ்தரோடு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள், ஞாயிற்றுக்கிழமை வேன் வருகிறது, ஓடுகிறாள். நாங்கள் அதில் தலையிடவில்லை.

அடுத்த வருஷம் மாநில அளவில் கிராம அணிகளுக்கான பெண்கள் கபடிப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்றும், அதில் நம் ஊர்ப் பெண்கள் ஆடுகிறார்கள் என்றும் கைலாசம் மூச்சிரைக்க வந்து சொன்னார். தலைவர் கண்டனத் தீர்மானத்தை உடனடியாக வாபஸ் வாங்கினார். வசந்த் தம் போரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். ஊரே மன்றத்தில் கூடியது. அன்று மட்டும் வாசல்படியைத் தாண்டி காலனி ஆட்களும் உள்ளே வந்தார்கள். கூட்டத்தில் யார் எவர் என்று யாரும் பார்க்கவில்லை.

திரையில் காட்சி எவ்வளவு துல்லியம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எஸ்தர் கோட்டுக்கு வெளியே நின்று நகத்தைக் கடிப்பது தெரிந்தது. ஜோதிகாவின் முழங்காலில் போட்டிருந்த கறுப்புப் பட்டையின் தையல்கூடத் தெரிந்தது. ஆட்டம் முடிய இன்னும் சில நொடிகளே இருந்தன. ஜோதிகா ஏறிப் போனாள். மூன்று பேர் அவளை வளைத்தார்கள். ஒருத்தி காலைப் பிடித்தாள். ஜோதிகா அவளையும் இழுத்துக்கொண்டு, குப்புற விழுந்து, கையை நீட்டினாள். விரல் நடுக்கோட்டைத் தொட்டது.

மன்றம் அதிர்ந்தது. கைலாசம் தலைவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அண்டா விவகாரம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “எல்லாரும் கேட்டுக்கோங்க. நம்ம மன்றம் வளத்த பொண்ணு” என்று பேச்சைத் தொடங்கினார். ஒரு கையால் பேனர் கடைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பெண்கள் எல்லோரும் ஜோதிகாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். கேமரா அவர்கள் முதுகுப் பக்கம் போயிற்று. ஒவ்வொரு பனியனிலும் பெரிய எழுத்தில், ஒரு பிசிறும் இல்லாமல், ‘தென்னேரி’ என்று இருந்தது.

தலைவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“வசந்து, அந்த எழுத்த மட்டும் கொஞ்சம் மங்கலா ஆக்க முடியுமாபா?”

“முடியாது நைனா. எதுவுமே மங்கலா தெரியக்கூடாதுன்னுதானே இந்த கார்ட வாங்குனோம்.”

எங்கள் தேர்வு வீண்போகவில்லை என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? எங்கள் ஊர்ப் பெண்கள் இன்னோர் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ஜெயித்ததை, இந்த மாவட்டத்திலேயே எங்களைவிடத் தெளிவாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.